வாசல்தோறும் பூ

உலகத்தில் ஒருவரையும் புண்படுத்தாத எழுத்துருவைச் செய்தவன் என்ற பெருமை அப்பாண்டைராஜனுக்கு இருந்தது. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். தரையில் எறும்பு போனால் அது கடந்து போகும்வரை ஒற்றைக் காலில் நிற்கிற வீடு அது. அப்படிப்பட்டவனிடம் இந்த வேலை வந்து சேர்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை என்று அவன் மனைவி சுவாலாமாலினி சொல்வாள். பாராட்டாகச் சொல்கிறாளா என்பது மட்டும் அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த எழுத்துருவின் பெயர் அனிச்சம். அந்தக் காலத்தில் தெருப்பலகை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதிலும் யாரும் எதையும் அச்சடிப்பதில்லை. எல்லாம் வெறும் வெள்ளைத் தகடுகள். எழுத்து வருவது மூக்கின் மேல் இருக்கிற கண்ணாடியில். பல் தேய்த்ததும் மாட்டினால் படுக்கும்போதுதான் கழற்றுவார்கள். கழற்றினால் எந்தப் பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடத் தெரியாது. சுவரில் யாராவது கையால் கிறுக்கியிருந்தாலும் கண்ணாடி அதைப் படித்து, தன் அச்சில் திருத்தமாக மாற்றித்தான் காட்டும்.

உலகத்துக்கெல்லாம் ஒரே எழுத்துரு என்று தீர்மானித்தபோது எழுத்துகளால் ஒரு சண்டையும் வரவில்லை. குறிகளால்தான் வந்தது. ஓர் ஊரில் சாமியாக இருப்பது இன்னோர் ஊரில் சவக்குழியாக இருந்தது. முப்பத்தொரு பேர் கொண்ட ஒரு குழு மூன்று வருஷம் உட்கார்ந்து ஒவ்வொரு குறியாக எடுத்துப் பேசியது. சேர் என்று ஒரு மனு, நீக்கு என்று ஒரு மனு. முதல் குறியிலேயே ஐந்து மாதம் போயிற்று. அது சுவஸ்திகம்.

அதைச் சேர்க்க வேண்டும் என்று பேசியவன் எழுத்துருவைச் செய்துகொண்டிருந்த தரமணி அலுவலகத்தின் சார்பில் போயிருந்த அப்பாண்டை. அவன் வீட்டில் பூஜைப் பலகையில் அரிசியால் தினமும் அதைப் போடுவார்கள். நான்கு கைகளும் நான்கு பிறவி, மேலே மூன்று புள்ளி, அதற்கும் மேலே பிறை. நீக்க வேண்டும் என்று பேசியவள் யூடித். ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்து வக்கீல், யூதப் பெண். அவள் பேசுவதைக் கருவி மொழிபெயர்த்துச் சொல்லும். கருவிக்குத் தெரிந்த தமிழ் பழைய வானொலிச் செய்தித் தமிழ் என்பதால், யூடித் அழுதாலும் சிரித்தாலும் அப்பாண்டைக்கு அது மாநிலச் செய்தியாகத்தான் வந்து சேரும்.

"நீங்கள் அதை அரிசியால் வரைகிறீர்கள். என் பாட்டியின் தாத்தாவுடைய கடைக் கதவில் அதைத் தாரால் வரைந்தார்கள். இரண்டும் ஒரே குறி என்று என்னால் என் அம்மாவிடம் போய்ச் சொல்ல முடியாது" என்றாள் அவள்.

அவன் ராத்தூக்கம் கெட்டு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். கண்ணாடிதான் ஏற்கெனவே போட்டிருப்பவரின் நாடித்துடிப்பையும் கண்மணி சுருங்குவதையும் கவனித்துக்கொண்டிருக்கிறதே. ஒரு குறி ஒருவருக்கு நோகுமா நோகாதா என்று அதற்குத் தெரியும். நோகாதவருக்குக் குறியைக் காட்டட்டும், நோகிறவருக்கு அந்த இடத்தில் ஒரு பூவைக் காட்டட்டும். எல்லாருக்கும் ஒரே பூ என்றால் நாளைக்கு அந்தப் பூவே கெட்ட பெயர் வாங்கிவிடும், அவரவருக்குப் பிடித்த பூவாக இருக்கட்டும் என்று சேர்த்துச் சொன்னவள் யூடித். இருவரும் கை குலுக்கினார்கள். எதிர்க்கட்சியாக வந்தவர்கள் சிநேகிதர்களாகத் திரும்பினார்கள்.

அதன் பிறகு குழுவின் வேலை தண்ணீர்பட்ட பாடு. சேர்க்கலாமா என்ற கேள்வியே எழவில்லை, எல்லாவற்றையும் சேர்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டாவதாகக் கழுமரம் வந்தது. மதுரையைச் சுற்றிச் சில ஊர்களில் கூராகச் சீவிய அந்த மரத்தைக் காவல்தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அதே மரத்தில்தான் வாதத்தில் தோற்ற சமணர்கள் ஆயிரக்கணக்கில் ஏற்றப்பட்டார்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. நடந்ததா இல்லையா என்று அறிஞர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். தலைவர் தயங்கித் தயங்கி அப்பாண்டையைப் பார்த்தார். அவன் சிரித்தான். "ஆயிரத்து நானூறு வருஷத்துக் கதை சார். எங்களுக்கு ஒண்ணுமில்ல, தாராளமா சேருங்க" என்றான். அவனுடைய பெரிய மனசுக்குக் கை தட்டினார்கள். அவன் கண்ணாடி அந்த நேரத்தில் என்ன குறித்துக்கொண்டது என்று யாரும் பார்க்கவில்லை.

அனிச்சம் வெளிவந்து பதினாறு மாதத்தில் ஒரு புகார் இல்லை. ஊர் ஒருவிதமாக அமைதியாயிற்று. புதிதாக ஒரு மரியாதையும் வந்தது. "இது உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று இன்னொருவரைக் கேட்பது அநாகரிகம். அது ஒருவருடைய புண்ணைத் தொட்டுப் பார்ப்பதற்குச் சமம். தன் வாசலில் என்ன தெரிகிறது என்று தானாகச் சொல்வதும் அவ்வளவு நாகரிகம் இல்லை. பெரும்பாக்கத்தில் அப்பாண்டையின் அடுக்குமாடி வீட்டு வாசல் நிலையின் ஓரச் சுவரில்கூட யாரோ ஒரு பவழமல்லிப் பூ வரைந்திருந்தார்கள். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். யார் வரைந்தது என்று அவன் கேட்டதில்லை.

புதன்கிழமைதோறும் யூடித்தோடு பேசுவான். அவள் கடைக்குப் போகிற வழியில் நடந்தபடி பேசுவாள். அவள் கண்ணாடி பார்ப்பது இவன் கண்ணாடியிலும் தெரியும். ஒரு புதன்கிழமை அவள் தன் வீட்டுக் கதவைச் சாத்தத் திரும்பியபோது கதவில் ஒரு சுவஸ்திகம் இருந்தது. நான்கு மூலையிலும் நான்கு புள்ளியோடு, லட்சணமாக.

அப்பாண்டை அதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தான். ஐந்து மாதம் மேஜையைத் தட்டித் தட்டி மறுத்தவள், இன்று தன் கதவிலேயே போட்டிருக்கிறாள். தன் விளக்கம் எங்கோ போய் வேர் பிடித்திருக்கிறது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மாலினியிடம்தான் சொன்னான்.

"அவங்களா? அவங்க வீட்டுக் கதவுலயா? நல்லா பாத்தீங்களா?" என்று கேட்டாள் மாலினி.

"புள்ளியெல்லாம் வெச்சிருக்கா."

"புள்ளி வெச்சது அவங்களா, உங்க கண்ணாடியா?"

வாதத்தில் ஜெயித்தவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். ஒருவர் பார்ப்பதை இன்னொருவருக்கு அனுப்பினாலும் அது போய்ச் சேருகிற கண்ணுக்கு ஏற்றபடி மறுபடி மாறும் என்ற விதியை எழுதியவனே அவன்தான். மருந்து கண்டுபிடித்தவன் அந்த நோய் தனக்கு வராது என்று நம்புவது போல, அந்த விதி தன் விஷயத்திலும் வேலை செய்யும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. அடுத்தடுத்த வாரங்களில் தபால் பெட்டியில் ஒன்று, மதிலில் இரண்டு, படியில் ஒன்று என்று கண்டான். இந்தப் பெண் எதிலும் அரைகுறை கிடையாது என்று மெச்சிக்கொண்டான்.

பிறகு யூடித்தின் அம்மா இறந்துபோனாள். மூன்றாம் நாள் அப்பாண்டை துக்கம் கேட்கக் கூப்பிட்டான். அவள் வாசலில் தாழ்வான ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வழக்கம் அது, ஏழு நாள் அப்படித்தான் உட்கார வேண்டும். அவள் கதவுப் பக்கம் திரும்பியபோது அவன் திடுக்கிட்டான். கதவு முழுக்கச் சுவஸ்திகம். முன்பைவிட இரண்டு மடங்கு.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. அவன் வீட்டில் சாவு விழுந்தால் முதல் வேலையாக வாசலில் இருக்கிற சுவஸ்திகத்தைத் துடைத்துவிடுவார்கள். தீட்டு கழிகிறவரை பூஜைப் பலகையிலும் போடமாட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது, சொல்லித் தந்தவன் தானே அல்லவா என்று அவனுக்குக் குற்ற உணர்ச்சி. மரியாதையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டான்.

"யூடித், தப்பா நெனைக்காதீங்க. சாவு நடந்த வீட்டு வாசல்ல நாங்க அத வெக்க மாட்டோம். துக்கம் முடியறவரைக்கும் தொடச்சு வெச்சிருங்க."

"எதை?"

"சுவஸ்திகத்த. கதவுல இருக்கே."

செய்திவாசிப்பாளரின் நிதானமான குரலில் கருவி சொன்னது: "என் கதவில் இருப்பவை பூக்கள். சிறிய நீல நிறப் பூக்கள். இந்தத் தெருவுக்குக் குடிவந்ததிலிருந்து யாரோ வரைகிறார்கள். அம்மா இறந்த பிறகு அதிகமாக வரைகிறார்கள். எங்கள் வழக்கத்தில் சாவுக்குப் பூ கிடையாது. பாவம், அவர்களுக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்."

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க" என்றான் அப்பாண்டை. அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் கழற்றி மடியில் வைத்தாள் போலிருக்கிறது. அவனுக்கு அவள் பாவாடையின் கறுப்பும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. வெகுநேரம் அப்படியே இருந்தது. அவளுடைய செருப்புச் சத்தம் மதில்வரை போய்த் திரும்பிற்று. கண்ணாடியை மறுபடி மாட்டியபோது அவன் கண்ணில் அதே சுவஸ்திகங்கள் லட்சணமாகப் புள்ளியோடு வந்து நின்றன. முதல்முறையாக அவனுக்குத் தன் பூஜைப் பலகைக் குறியைப் பார்க்கக் கூசியது.

"பதினேழு" என்றது கருவி. "ஒன்று அம்மா படுத்திருந்த அறையின் ஜன்னலில் இருக்கிறது. கதவில் இருக்கும் கடைசி ஒன்று இன்னும் ஈரமாக இருக்கிறது."

அந்த ஊர்க் காவலர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குப் பூ தெரிந்தது. இன்னொருவருக்கு அந்தக் குறியால் வலியும் இல்லை பிரியமும் இல்லை, அதனால் புள்ளி வைத்த குறியே தெரிந்தது, ஏதோ அலங்காரம் என்று நினைத்தார். பணியில் இருக்கும்போது கண்ணாடியைக் கழற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை. எடுத்த படத்தில், அதைத் திறந்து பார்த்த அதிகாரிக்கு நல்ல ரோஜா தெரிந்தது. பூ வரைந்தவர்மீது எந்தச் சட்டப்படி வழக்குப் போடுவது என்று அவர் கேட்டார். வரைந்தவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் மட்டும் அது வரைந்த அர்த்தத்திலேயே தெரிந்தது. அவர்களுக்குத் தனியாக ஒரு ரகசிய மொழி தேவைப்படவில்லை. அப்பாண்டைராஜன் மூன்று வருஷம் உட்கார்ந்து ஒன்றைச் செய்து கொடுத்திருந்தான்.

அவன் தரமணி அலுவலகத்தின் தலைவி ஹம்சவேணியிடம் போய் நின்றான்.

"பதினாறு மாசமா ஒரு புகார் இல்ல, அப்பாண்டை" என்றாள் அவள்.

"கண்ணுலயே படாதவங்க எப்படி மேடம் புகார் குடுப்பாங்க?"

"அதத்தானே நாம செஞ்சு தரோம்னு சொன்னோம்? செஞ்சும் குடுத்துட்டோம்."

ஹம்சவேணி கெட்டவள் இல்லை. அன்றைக்கே குழுவைக் கூட்டச் சொன்னாள். யூடித் தன் துக்க முக்காலியில் உட்கார்ந்தபடியே குழுவிடம் பேசினாள். "எனக்கு வலிக்கட்டும். வலித்தால்தான் கதவைத் தாழிடத் தோன்றும். அதை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்" என்றாள். அதற்குள் அவள் வீட்டு ஜன்னல் ஒன்று உடைந்திருந்தது. அந்தக் கண்ணாடிச் சில்லு மட்டும் எல்லாருக்கும் சில்லாகவே தெரிந்தது.

குழு ஒன்பது நாள் விவாதித்தது. ஒருவரை வேண்டுமென்றே புண்பட விடுவது அனிச்சத்தின் அடிப்படைக்கே விரோதம் என்றார்கள் சிலர். புண்பட்டவர் நாளை நம்மீது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்றார்கள் பலர். கடைசியில் பதினான்காம் எண் படிவம் பிறந்தது. அதன் பெயர் புண்பட ஒப்புதல். விண்ணப்பதாரர் தன் சொந்த விருப்பத்தின் பேரில், தெளிந்த மனநிலையில், எதையும் உள்ளபடி பார்த்து வருந்தச் சம்மதிக்கிறார். இரண்டு சாட்சிக் கையெழுத்து. முப்பது நாள் செல்லும். வேண்டுமானால் புதுப்பித்துக்கொள்ளலாம்.

யூடித் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். படிவம் போட்டவரின் கண்ணில் படுவது சட்டப்படி உண்மை என்று ஆனதால் புகாரை எடுத்துக்கொண்டார்கள். நான்கு நாளில் ஆள் அகப்பட்டான். அவள் வீட்டு மாடியில் குடியிருப்பவன். துக்கத்தின் முதல் நாள் கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவன். பூ வரைந்தவர் அவராகத்தான் இருக்கும் என்று யூடித் அவனுக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தாளாம். அவள் நினைத்ததில் தவறில்லை, வரைந்தது அவன்தான்.

விஷயம் ஊர் உலகமெல்லாம் பரவிற்று. பூ தெரிகிற இடத்தில் தனக்கு வலி இருக்கிறது என்று எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு நிஜப் பூவுக்கே கஷ்டகாலம். கோயம்பேட்டில் கண்ணாடியைக் கழற்றி, மோந்து பார்த்து, அப்புறம் முழம் போட்டு வாங்கினார்கள். காதலிக்கு ரோஜா நீட்டியவனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். அலங்காரத்துக்குப் பூ போட்ட திரைச்சீலை விலை இறங்கிற்று.

அப்பாண்டைக்குச் சோறு இறங்கவில்லை. யூடித் அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ, நீங்கள் கேட்டதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நன்றி சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஒருநாள் பதினான்காம் எண் படிவத்தைத் தன் பெயரில் நிரப்பினான். ஹம்சவேணி ஒரு சாட்சி, மாலினி இன்னொரு சாட்சி. "தெளிந்த மனநிலை" என்ற இடத்தில் மாலினி சற்று நிதானித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படிவம் நடப்புக்கு வந்தது. அப்பாண்டை பால் வாங்கக் கதவைத் திறந்தான். நிலையின் ஓரச் சுவரில் பவழமல்லி இல்லை. காவிக்கட்டியால் வரைந்த ஒரு நெடுங்கோடு. உச்சியில் கூர். நடுவில் குறுக்கே ஒரு கட்டை.

கழுமரம்.

சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆயிரத்து நானூறு வருஷத்துக் கதை, எங்களுக்கு ஒண்ணுமில்ல என்று சொன்னவன் அவன்தான். அவன் பொய் சொன்னது அவனுக்கே தெரியாது. கண்ணாடிக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருஷமாகப் பூவைக் காட்டி அவனைச் சமாதானமாக வைத்திருந்தது. யார் வரைந்தது? எத்தனை பேர்? அதே தளத்தில் இருக்கிறவர்களா? யூடித்தின் மாடிவீட்டுக்காரனும் சூப் கிண்ணமும் நினைவுக்கு வர, எதிர்வீட்டைப் பார்த்தான். எதிர்வீட்டுச் சோணைமுத்துவும் மாலினி ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் ரசம் கொண்டுவந்து கொடுத்தவர்தான்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதவு திறந்தது. சோணைமுத்து மேலூர்க்காரர், அரசுப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், அறுபதைத் தாண்டியவர். கையில் பால் தூக்கு.

"என்ன தம்பி, மொகமெல்லாம் வெளுத்துப் போய்க் கெடக்கு?"

அப்பாண்டை சுவரைக் காட்டினான். "இது நீங்களாண்ணே?"

"ஆமா தம்பி. எங்க குலசாமியில்ல. போன ஆடில தங்கச்சிக்கு ஆபரேசன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்குக் கும்புட்டுட்டுப் போட்டுவிட்டது. வீட்டுல நோய் நொடி அண்டாது. எங்க வாசல்லயும் இதான் போட்ருக்கேன்." அவர் சற்றுத் தயங்கினார். "ஏன் தம்பி, உங்களுக்கு எப்படித் தெரியுது?"

கேட்கக்கூடாத கேள்வியை அவர் கேட்டுவிட்டார். இந்த மனுஷனிடம் எதைச் சொல்ல? மாலினி பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வரைந்தவரிடம், நீங்கள் வரைந்தது என் முன்னோரின் சாவு என்று எப்படிச் சொல்ல? நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லி அவரை அனுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"பூவாத்தாண்ணே தெரியுது. அழகா இருக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பூ என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சோணைமுத்துவின் முகம் சுருங்கியது. அவர் உள்ளே போனார். ஈரத்துணியோடு வந்தார். கூரிலிருந்து ஆரம்பித்துக் கீழ்வரை அழுத்தித் துடைத்தார்.

"ஒரு வருசமாவா தம்பி உங்கள நோகடிச்சிருக்கேன்? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. நானாச்சும் கேட்ருக்கணும்."

ஒரு வருஷம் நிஜமாகவே பூவாகத்தான் இருந்தது என்பதையும், இன்றைக்குத்தான் மரமாகத் தெரிந்தது என்பதையும், அதனால் இப்போது சொன்னது பொய் என்பதையும், அந்தப் பொய்யின் அர்த்தம் மட்டும் உண்மை என்பதையும் எந்த வரிசையில் சொல்வது என்று அப்பாண்டைக்குத் தெரியவில்லை. சுவரில் காவி கலந்த ஈரத் திட்டு ஒன்று மிஞ்சியிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருவருக்கும் அது ஈரமாகவே தெரிந்தது.

"எங்க ஜனங்கள அதுல ஏத்துனதா ஒரு கதை இருக்குண்ணே" என்றான் கடைசியில். "எனக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

சோணைமுத்து துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "எங்க ஊர்ல அதுல செத்தவரைத்தான் சாமின்னு கும்புடுறோம்" என்றார் மெதுவாக. "யாரு எவருன்னு யாரும் கேட்டதில்ல. உங்காளாக் கூட இருக்கலாம்." பிறகு நிமிர்ந்து, "வேற ஏதாச்சும் போட்டு விடட்டா? உங்களுக்குப் புடிச்சது எதுன்னு சொல்லுங்க" என்றார்.

"போட்டதையே போடுங்கண்ணே."

"நோகுமே தம்பி."

"நோகட்டும்ணே" என்றான் அப்பாண்டை. "முப்பது நாளைக்கு அனுமதி வாங்கி வெச்சிருக்கேன்."

சோணைமுத்து காவிக்கட்டியை எடுத்துவர உள்ளே போனார்.